அப்பாவை மாடி ஏத்திவிட்ட உங்க எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா எழுதணும் எழுதணும்னு நெனச்சுக்கிட்டே இருந்து இன்னிக்குத்தான் உக்காந்திருக்கேன். அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பினாங்கு ஜார்ஜ்டவுன்ல, பெங்காலான் வெல்ட் பக்கத்துல ஒரு பழைய கடைவீட்டு மாடியில நடந்த பேண்டு ஷோவுக்கு எங்க அப்பாவைக் கூட்டிட்டு வந்தேன்ல, அதுக்குத்தான் இந்த நன்றி. இடத்தோட பேரு போட வேணாம்னு நீங்களே கேட்டுக்கிட்டதால போடல. ஆனா படிக்கும்போது உங்களைப் பத்தித்தான்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.

அப்பாவை அன்னிக்குப் பார்த்தவங்களுக்கு கைத்தடி பிடிச்ச ஒரு வயசானவராத்தான் தெரிஞ்சிருக்கும். அவரு கடலுக்கு அக்கரையில பட்டர்வொர்த் ஹார்பர்ல வேலை பார்த்தவரு, வயசுப் பையனா இருந்தப்ப அங்கயே பாகான் டாலாம்ல ஒரு பேண்டுல பேஸ் கிட்டார் வாசிச்சவரு. கல்யாணம், கோவில் திருவிழா, தீபாவளி ராத்திரின்னு எங்க கூப்பிட்டாலும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியை லோரியில ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்களாம். அப்ப அவங்களுக்கெல்லாம் அலிகேட்ஸ்னா உயிரு. பினாங்குல இருந்து கிளம்பின குழு, முன்னாடி நின்ன டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் ரெண்டு பேரும் நம்ம வீட்டுப் பிள்ளைங்க, அண்ணன் தம்பி, அந்தப் பெரிய சுருட்டை முடியோட மலாய்ல பாடி நாடு முழுக்கப் பேரு வாங்கினவங்க. 2007-ல லோகா இறந்த சேதி வந்த அன்னிக்கு அப்பா ராத்திரி சாப்பிடாம வாசல்ல உக்காந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது.

போன வருஷம் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. இடது கையும் இடது காலும் பலம் போச்சு, பேச்சும் கொஞ்சம் குழறுது. பேஸ் வாசிக்கறவங்களுக்கு இடது கைன்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்ல, சுரம் பிடிக்கற கை அது. வீட்டுல ரேடியோ போட்டாக்கூட அடைச்சுடுன்னு கையைக் காட்டுவார். நான் அப்ப கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன், எல்லாத்தையும் விட்டுட்டு வீட்டுக்கே வந்துட்டேன்.

கேஎல்ல இருந்த நாலு வருஷமும் எனக்கு சனிக்கிழமைன்னா சின்ன சின்ன இடத்துல பேண்டு பார்க்கறதுதான். ஜாலான் மெசுய்ல நோ பிளாக் டைன்னு ஒரு ஜாஸ் கிளப் இருக்கே, 1998-ல இருந்து நடத்துறாங்க, அங்க உக்காந்து ஜாஸ் கேட்டிருக்கேன், பெட்டாலிங் ஜெயாவுல மெர்டேகார்யாங்கற பாட்டு இடத்துக்குப் போயிருக்கேன், கடைக்கு மேல, கிடங்குக்குப் பின்னாலன்னு பேரே இல்லாத எத்தனையோ ரூமுக்கும் போயிருக்கேன். கடைசி எல்ஆர்டி ரயிலைப் பிடிக்கணும்னு கடைசி ரெண்டு பாட்டைக் கேக்காம படியிறங்கி ஓடின ராத்திரிங்க கணக்கே இல்ல. அந்த ரூம்ல பாடறவன் மூச்சு வாங்கறது கூட கேக்கும், பாட்டு முடிஞ்சதும் அவனே மேஜைகிட்ட நின்னு டீ-சட்டை விப்பான், நம்ம கூடப் பேசுவான். பெரிய ஸ்டேடியத்துல எனக்கு அது கெடைச்சதே இல்ல.

அப்பாவை ஒரு தடவையாவது அப்படி ஒரு ரூமுக்குள்ள உக்கார வைக்கணும்னு எனக்கு ஒரே ஆசை. இதுக்கு முன்னாடி ஒரு பெரிய ஹால்ல முயற்சி பண்ணேன், டிக்கெட்டும் வாங்கியாச்சு, வாசல்ல போனதும் எல்லாரும் நின்னுதான் பார்க்கணும், நாற்காலி கெடையாதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டாங்க. அப்பா ஒண்ணும் பேசல. திரும்பி வர்ற வழியில ஃபெர்ரியில கடலையே பார்த்துக்கிட்டு வந்தார்.

அதனாலதான் உங்களுக்கு மெசேஜ் போடும்போதே கை நடுங்குச்சு. முதல்ல ஷோ ஏற்பாடு பண்ணவங்களுக்கு நன்றி, சாயங்காலம் 5 மணிக்கே ஆரம்பிச்சதுக்கு. ராத்திரி 10 மணிக்குத் தொடங்கற ஷோவுக்கு மருந்து சாப்பிடற மனுஷனைக் கூட்டிட்டு வரவே முடியாது, அக்கரையில இருந்து வர்றவங்களுக்கு ஃபெர்ரி கவலை வேற.

வாசல்ல டிக்கெட் கிழிச்ச தங்கச்சிக்கு. லிஃப்ட் இல்ல கா, படி ரொம்ப செங்குத்துன்னு நீ மெசேஜ்லயே ஒளிக்காம சொன்ன பாரு, அதுவே பெரிய உதவி, வந்து பார்த்து ஏமாற வேண்டியதில்லாம போச்சு. மொத்தம் 21 படி, ரெண்டு ஆள் பக்கத்துல பக்கத்துல நடக்க முடியாத அகலம், கைப்பிடி ஒரு பக்கம்தான், அதுவும் அப்பாவோட இடது பக்கம், பலமில்லாத கைப்பக்கம். நான் கீழே நின்னு மலைச்சுப் போயிட்டேன். அப்பத்தான் நீ உள்ள ஓடிப் போயி ரெண்டு பசங்களைக் கூட்டிட்டு வந்த. அவங்க அன்னிக்கு வாசிக்க வேண்டிய பேண்டு பசங்கன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும், கேஎல்ல இருந்து 350 கிலோமீட்டர் வேன் ஓட்டிட்டு வந்து சவுண்ட் செக் முடிச்சு பசியாறப் போன பசங்க, தட்டை அப்படியே வச்சுட்டு வந்திருக்காங்க.

தூக்கிட்டுப் போயிடலாம்னுதான் நான் நெனச்சேன். அதுல ஒரு தம்பி வேணாம் கா, பாக்சிக் அவரே ஏறட்டும்னான், வயசானவங்களை மலாய்ல மரியாதையா அப்படித்தான் கூப்பிடுவாங்க. அவங்க பாட்டியை வீட்டுல அவன்தான் பார்த்துக்கறானாம். ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது நோவு கால் முதல்ல, பிசியோ சொல்லிக் கொடுத்த அதே பாடம், அதை நான் பயத்துல மறந்துட்டேன், அவன் மறக்கல. ஒருத்தன் அப்பாவுக்குப் பின்னால இடுப்புப் பக்கம் கையை வச்சுக்கிட்டு, தொடாம, விழுந்தா பிடிக்கற மாதிரி. இன்னொருத்தன் முன்னாடி பின்பக்கமாவே படியேறிக்கிட்டு ஒவ்வொரு படிக்கும் ஃபோன் வெளிச்சம் காட்டிக்கிட்டு. 10 நிமிஷம் ஆச்சு. நடுவுல ஒரு படியில அப்பா உக்காந்துட்டார், அந்தத் தம்பியும் கூடவே உக்காந்துட்டான். பின்னால வரிசையில நின்ன அத்தனை பேருக்கும் நன்றி, ஒருத்தர்கூட உச்சு கொட்டல, சீனப் பொண்ணு ஒருத்தி கையில வச்சிருந்த குட்டி ஃபேனை அப்பா முகத்துக்கு நேராப் பிடிச்சுக்கிட்டே நின்னா.

சவுண்ட் பார்த்த அங்கிள், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அப்பாவை ஸ்பீக்கர் பக்கம் உக்கார விடாம பின்னாடி உங்க மிக்ஸர் பக்கத்துல நாற்காலி போட்டீங்க. நீங்க எங்க நின்னு கேட்டு சத்தத்தைச் சரி பண்றீங்களோ அந்த இடத்துலதான் பாட்டு ஒழுங்கா கேக்கும்னு சொன்னீங்க, இத்தனை வருஷம் நான் முன்வரிசைக்கு முட்டி மோதிக்கிட்டுப் போனது எவ்வளவு தப்புன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சது. அப்புறம் பாக்கெட்ல இருந்து ஸ்பாஞ்ச் இயர்பிளக் எடுத்து, விரலுக்கு நடுவுல ஊசி மாதிரி உருட்டி, அப்பா காதை மேல்பக்கமா இழுத்துச் சொருகி, அது உள்ள உப்பற வரைக்கும் விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் காது தாங்கும், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாயிடும், அப்படியே கணக்குப் பார்த்தா 100 டெசிபல்ல வெறும் 15 நிமிஷம்தான், இந்த மாதிரி ரூம்ல 100 எல்லாம் சாதாரணம்னு நீங்க சொன்னப்ப அப்பா தலையாட்டினார். ஹார்பர்ல அத்தனை வருஷம் அதையெல்லாம் யாரு பார்த்தா. தயவுசெஞ்சு எல்லாரும் காதுக்கு ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். மூணாவது பாட்டு ஓடிக்கிட்டு இருக்கு. அப்பா திடீர்னு கைத்தடியால தரையைத் தட்டிக்கிட்டு "லாரி, லாரி"ன்றார். வெளிய லோரி ஏதோ நிக்குதுன்னு சொல்றாரோன்னு நான் ஜன்னலைப் பார்க்கறேன். அங்கிளுக்குப் பட்டுன்னு புரிஞ்சுடுச்சு. மலாய்ல லாரின்னா ஓடறது, சுதி விலகினா சுவாரா லாரின்னு சொல்லுவாங்க. உடனே ஹெட்ஃபோனைக் காதுல வச்சு பேஸ் சத்தத்தை மட்டும் தனியாக் கேட்டார், அப்புறம் அதையே அப்பா பக்கம் நீட்டினார். அப்பா ஒரு காது பிளக்கைக் கழட்டிட்டு, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டு, நாலு விரலைக் காட்டினார். நாலாவது கம்பி, தடிச்ச கம்பி, கொஞ்சூண்டு இறங்கியிருக்கு. நானும் அங்கதான் இருந்தேன், எனக்கு ஒண்ணுமே தெரியல. பாட்டு முடிஞ்சதும் அங்கிள் மைக்குல சொல்ல, பேஸ் வாசிச்ச தம்பி சுதி காட்டற டியூனரை மிதிச்சுப் பார்த்துட்டு, நிமிர்ந்து கூட்டத்துக்கு மேல எட்டிப் பார்த்து அப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டான். படியில அப்பா கூட உக்காந்திருந்த அதே தம்பி.

ஸ்ட்ரோக் வந்ததுல இருந்து எங்க அப்பாகிட்ட யாரும் எதுவும் கேட்டதில்ல. சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா, வலிக்குதா, அவ்வளவுதான். அவருக்குத் தெரிஞ்ச ஒண்ணை அவருகிட்ட கேட்டது நீங்கதான் அங்கிள்.

கீழ நாசி கண்டார் சோத்துக்கடை அண்ணனுக்கும் நன்றி. மாடியில குந்தி உக்கார்ற டாய்லெட்தான், அப்பாவால முடியாது. கடையை மூடிக்கிட்டு இருந்த நேரத்துல ஷட்டரை மறுபடி தூக்கி உள்ள கூட்டிட்டுப் போனீங்க, வெளிய வரும்போது தே தாரிக், அதான் இழுத்து ஆத்தின டீ, ஒண்ணு சீனி இல்லாம கலக்கி வச்சிருந்தீங்க, காசும் வாங்கல. அம்மாவுக்கும் நன்றி சொல்லணும், வேணாம் வேணாம்னு பயந்தவங்கதான், ஆனா அப்பாவோட பழைய பூப்போட்ட சட்டையை அயர்ன் பண்ணி வச்சதும் அவங்கதான்.

வீட்டுல இப்ப ரேடியோ ஓடுது. இடது கைக்குப் பிசியோ கொடுத்த ரப்பர் பந்தை, சொல்லாமலே எடுத்து அமுக்கறார். கிட்டாரை எடுத்துக் கொடுன்னு அவரு கேக்கல, வேணுமான்னு நானும் கேக்கல.

ஒரு பாக்கி மட்டும் இருக்கு. அன்னிக்கு அப்பா டிக்கெட்டுக்கு 35 வெள்ளி, அதான் ரிங்கிட், நீட்டினப்ப, பாக்சிக்குக்கு வேணாம் கான்னு தங்கச்சி மறுத்துட்ட. அப்பா அதை மறக்கவே இல்ல. வாசல்ல வர்ற காசுதான் பேண்டு வேனுக்கு பெட்ரோலு, வாசிச்சவனுக்குத்தான் அது தெரியும்னு ஒவ்வொரு வார்த்தையா நின்னு நின்னு சொல்றார். அடுத்த மாசம் ஷோவுக்கு வர்றோம். ரெண்டு டிக்கெட்டுக்கு 70, அந்த 35, மொத்தம் 105 வெள்ளி, கவர்ல போட்டு அப்பா பேரு எழுதி அவரோட சட்டைப் பையிலயே இருக்கு. தங்கச்சி, வாங்கிக்கம்மா.