டயட் சார்ட்டை விற்றால் கட்டுப்படியாகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், வீட்டிலிருந்தே டயட் கன்சல்டேஷன் செய்து கைநிறையச் சம்பாதிக்கலாம் என்று ஒரு கட்டுரை வந்தது. அன்றிலிருந்து என் போன் ஓயவில்லை. ஹோம் சயின்ஸ் படித்த பிள்ளைகள், என்னிடம் இன்டர்ன்ஷிப் செய்துவிட்டுப் போனவர்கள், ஒரு பிள்ளையின் அம்மாகூட, எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "லேப்டாப் இருந்தா போதுமாமே, ஆரம்பிச்சிடலாமா?" நான் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் ஏழு வருடம் முழுநேர டயட்டீஷியனாக இருந்துவிட்டு, நாலு வருடமாகத் தனியாகச் செய்துகொண்டிருக்கிறேன். கட்டுரையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் காசு எதற்கு வருகிறது என்பதை அது தப்பாகச் சொல்லிவிட்டது.

சார்ட், அதாவது என்ன, எவ்வளவு சாப்பிட வேண்டும் என்ற பட்டியல், எழுதிக் கொடுப்பதுதான் வேலை என்று நானும் நம்பித்தான் இறங்கினேன். ஒரு சார்ட் 300 ரூபாய். முதல் மாதம் பதினொரு பேர் வந்தார்கள், அதில் ஆறு பேர் சொந்தக்காரர்கள், அவர்களிடம் காசு கேட்கவே முடியாது ("என்னம்மா, ஒரு பேப்பர்தானே"). மீதி ஐந்து பேரில் ஒருவர், சர்க்கரை உள்ளவர், தனக்கு எழுதியதை ஜெராக்ஸ் எடுத்து ஆபீஸில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டு போனவர்களில் ஒருத்தி கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள். பசி தாங்கவில்லை என்று அவளே எனக்குப் போன் செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது. யாரைத் திட்டுவது? தாளை விற்றால் தாள் ஊர் சுற்றத்தான் செய்யும்.

அதற்கப்புறம் முறையை மாற்றினேன். முதல் சந்திப்பு முக்கால் மணி நேரம், 600 ரூபாய். பிறகு மூன்று மாதத்துக்குச் சேர்த்து ஒரு கட்டணம், வாரம் ஒரு போன், மாதம் ஒருமுறை நேரில் அல்லது வீடியோவில். சார்ட் அதற்குள்ளேயே அடங்கிவிடும், தனியாக விலை இல்லை. ஆட்கள் குறைந்தார்கள், வருமானம் கூடியது.

அந்த முக்கால் மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கட்டுரையாளர் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் "ரெண்டு இட்லி, மதியம் கொஞ்சம் சோறு, நைட்டு ரெண்டு சப்பாத்தி" என்பார்கள், ஊரில் எல்லோருக்கும் இதே பதில்தான். சீரியல் பார்க்கும்போது கொறித்த மிக்சர், பிள்ளை தட்டில் மீதி வைத்ததை வீணாக்காமல் வாயில் போட்டுக்கொண்டது, நாலு டம்ளர் காபி, இதெல்லாம் அவர்கள் கணக்கில் சாப்பாடே இல்லை. அதனால் சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். வீட்டில் எத்தனை பேர், மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள்? நாலு பேருக்கு ஐந்து லிட்டர் என்றால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம் வருகிறது, உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு 20, 25 கிராமே போதும். இந்தக் கணக்கை அவர்கள் எதிரிலேயே போட்டுக் காட்டினால் முகம் மாறும். வீடியோவில் வருபவர்களிடம் சமையலறைக்குப் போய் சோறு போடும் கரண்டியையும் காபி டம்ளரையும் எடுத்து வரச் சொல்வேன். 'ஒரு கப்' என்று புத்தகத்தில் எழுதியிருப்பது எந்த வீட்டிலும் கிடையாது.

இந்தக் கணக்கெல்லாம் செய்ய நம் நாட்டு நூலே இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையில் 528 உணவுப் பொருள்களுக்குச் சத்து அளவுகள் உண்டு. (அந்த நிறுவனம் 1918ல் நம் குன்னூரில் பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோயின் ஆராய்ச்சிக்காகத் தொடங்கியது, 1958ல்தான் ஹைதராபாத் போனது.) வெளிநாட்டு ஆப்பில் பார்த்து இட்லிக்குக் கலோரி சொல்லும் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

அடுத்து, படிப்பு. இந்திய டயட்டெடிக் சங்கத்தின் ஆர்.டி. (பதிவுபெற்ற டயட்டீஷியன்) தேர்வு எழுத உரிய பட்டத்தோடு ஆறு மாத மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும். 2021ல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் டயட்டீஷியனும் நியூட்ரிஷனிஸ்ட்டும் இருக்கிறார்கள், பதிவேடும் அதில் உண்டு. ஆனால் பதிவு இருக்கிறதா என்று என்னை இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. மூன்று வார ஆன்லைன் சர்டிபிகேட் வாங்கியவரும் நியூட்ரிஷனிஸ்ட், நானும் நியூட்ரிஷனிஸ்ட். 'சத்துணவு நிபுணர்' என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன், எந்த ஸ்கூலில் ஆயா வேலை என்று கேட்டார்கள். 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்ததே எங்கள் பாப்பாக்குறிச்சியில்தான், அதனால் இந்த ஊரில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமே கிடையாது.

சிரிப்பாகச் சொல்கிறேன், ஆனால் சிரிப்பு இல்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார், ஓய்வுபெற்றவர், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ஏற்கனவே 3ஐத் தாண்டியிருந்தது, அது மிக அதிகம். 'வெல்னஸ் கோச்' ஒருவர் சொல்லி, காலையில் புரோட்டீன் பவுடர், பதினொரு மணிக்கு இளநீர், சமையலுக்குச் சோடியம் குறைந்த உப்பு என்று இரண்டு மாதமாக ஓடியிருக்கிறது. இளநீர் நல்லதுதானே என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இளநீரிலும் அந்த உப்பிலும் உள்ள பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும், அளவு மீறினால் இதயமே நின்றுவிடலாம். அவருடைய ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 6.1 இருந்தது, ஆபத்தான அளவு. அன்று நான் சார்ட் எதுவும் எழுதவில்லை, அவருடைய டாக்டருக்குப் போன் போட்டு உடனே ஆட்டோவில் அனுப்பிவைத்தேன். இது மருத்துவமனையில் நின்று பார்த்ததால் தெரிந்தது. சர்க்கரை மாத்திரை போடுகிறவருக்குச் சோற்றைச் சட்டென்று குறைத்தால் லோ சுகர் வரலாம், முதலில் டாக்டரிடம் பேச வேண்டும் என்பதும் அப்படித்தான். பரீட்சை முடித்த கையோடு தனியாக ஆரம்பிக்கிறேன் என்று வரும் பிள்ளைகளிடம், சம்பளம் குறைவாக இருந்தாலும் இரண்டு வருடம் வார்டில் இரு என்றுதான் சொல்கிறேன். சில பேருக்குக் கோபம்.

பவுடர் கம்பெனிக்காரர்கள் என்னிடமும் வந்தார்கள். ஒரு டப்பா விற்றால் எனக்குக் கிடைப்பது ஒரு முழு கன்சல்டேஷனுக்கு மேல். ஒத்துக்கொண்டிருந்தால் என் கடன் சீக்கிரம் அடைந்திருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். வேண்டாம் என்றதற்குப் பெரிய கொள்கை ஒன்றும் காரணம் இல்லை. டப்பாவை மேஜையில் வைத்த பிறகு நான் சொல்வதெல்லாம் டப்பாவுக்காகச் சொல்வதாகத்தான் என்னிடம் வருபவர்களுக்குத் தோன்றும்.

மற்றதெல்லாம் சின்ன வேலைகள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம், இடைத்தரகரிடம் காசு கொடுக்க வேண்டாம். சத்துமாவு அரைத்து விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். வருமானம் நிலைக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது, அதுவரை மருத்துவமனையில் அரை நாள் வேலையை விடவில்லை. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கட்டுரைக்குக் கீழேயே, 21 நாளில் சர்க்கரை நோயை விரட்டும் சூரணம் என்று கால் பக்க விளம்பரம் போட்டிருந்தீர்கள். திங்கட்கிழமை அதை வெட்டி எடுத்துக்கொண்டு இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள், மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்க.

இப்படிக்கு,
ஒரு டயட்டீஷியன்,
திருச்சி.