குறை சொன்ன எல்லோருக்கும் எங்கள் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

2025 பொங்கலோடு நானும் என் தம்பியும் கையால் நகை செய்து விற்க ஆரம்பித்து மூன்று வருஷம் நிறைந்தது. 2022 தை மாதம், மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, அதன் மேல் அம்மாவின் பழைய பட்டுப்புடவையைப் போட்டு, பதினெட்டு ஜோடி தோடும் ஆறு செட் வளையலும் பரப்பி வைத்தோம். அன்றைக்கு வந்தவர்கள் சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும்தான். "ரொம்ப அழகா இருக்கு" என்று வாங்கிப் போனார்கள். அவர்கள் தந்த தைரியத்துக்கு என்றும் நன்றி. ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது முக்கியமாக வேறு சிலருக்காக. அழகு என்பதோடு நிறுத்தாமல், எங்கே தப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களுக்காக.

முதலில் கொசப்பேட்டைத் தாத்தா.

2020 ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது நான் பட்டு நூல் சுற்றி வளையல் செய்தேன், தம்பி களிமண்ணில் தோடு செய்தான். இரண்டும் பொழுதுபோக்குதான். களிமண்ணைப் பிசைந்து உருட்டுவது அவனுக்குச் சுலபமாக வந்துவிட்டது. சூளைதான் வரவில்லை. மொட்டை மாடியில் ஒரு மண் சட்டிக்குள் உமியும் வரட்டியும் போட்டு நடுவில் தோடுகளை வைத்து மூட்டினால், பத்து நிமிஷத்தில் உள்ளே பட்பட்டென்று வெடிக்கும். நாற்பது தோடு வைத்தால் பாதி சில்லாக வரும். கொலு பொம்மை வாங்கிய பழக்கத்தில் அம்மாதான் சொன்னாள், கொசப்பேட்டையில் போய்க் கேளு என்று. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் வாங்க ஊரே போகிற இடம் அது. கொசவர்கள், அதாவது குயவர்கள், இருந்த பேட்டை என்பது பெயரிலேயே இருக்கிறது.

அங்கே மண் வேலை செய்யும் தாத்தா ஒருவர், தம்பி கொண்டுபோன தோடுகளை ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் தட்டினார். நன்றாக வெந்தது 'டிங்' என்றது. வேகாதது 'டொக்' என்றது. பன்னிரண்டில் எட்டு 'டொக்'. "இதைக் காசுக்குக் குடுத்தியா?" என்று கேட்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் அவரே பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். மண்ணுக்குள் ஈரம் மிச்சமிருந்தால் அது ஆவியாகி வெளியே வரப் பார்க்கும், வழி கிடைக்காமல் வெடிக்கும். அதனால் நிழலில், ஈரத்துணி போர்த்தி, வாரக்கணக்கானாலும் மெல்லக் காயவிட வேண்டும். மூட்டியவுடனே தீயை ஏற்றக் கூடாது. "மொதல்ல சூடு காட்டணும் கண்ணு, அப்புறந்தான் சுடணும்." காற்று நன்றாகப் போனால் சிவப்பாக வரும், புகையை உள்ளேயே அடைத்தால் கறுப்பாக வரும் என்பதையும் அவர்தான் செய்து காட்டினார். இன்று எங்களிடம் அதிகம் பேர் கேட்டு வாங்கும் கறுப்பு ஜிமிக்கி அந்த ஒரு மத்தியானத்தில் கற்றது. ஒரு ரூபாய் வாங்கவில்லை அவர்.

அடுத்தது ஒரு சித்தி. அவர் பெயரை நான் எழுதக் கூடாது, படித்தால் அவருக்கே புரியும்.

வளைகாப்புக்கு மாம்பழக் கலர் புடவைக்குப் பொருத்தமாகப் பட்டு நூல் வளையல் கேட்டிருந்தார்கள். பெண்ணுக்கு ஒரு செட், வருகிறவர்களுக்குக் கொடுக்க இருபத்துநாலு ஜோடி. எங்களுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். ராத்திரி ஒரு மணி வரை நூல் சுற்றினேன். பளபளப்பு கூடட்டும் என்று இரண்டு அடுக்காகச் சுற்றிவிட்டேன். விசேஷத்தன்று பெண்ணின் கையில் வளையல் ஏறவில்லை. ஏழாம் மாதம், கை லேசாக வீங்கியிருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சாயங்காலம் அந்தச் சித்தி போன் செய்தார். திட்டவில்லை. "கண்ணாடி வளையல் போட்டு நல்லபடியா முடிச்சிட்டோம்மா. பணம் திருப்பித் தர வேண்டாம். ஆனா அந்தப் பொண்ணு முகம் வாடிப்போச்சு. இன்னொரு பொண்ணுக்கு இப்படி ஆகக் கூடாது" என்றார். போனை வைத்த பிறகு நான் அழுதேன்.

மறுநாளே சௌகார்பேட்டைக்குப் போய், நாங்கள் வளையல் வாங்கும் மொத்தக் கடை அண்ணாச்சியிடம் கேட்டேன். வளையல் அளவை 2.6 என்று நாம் சொல்கிறோமே, அது இரண்டு புள்ளி ஆறு அங்குலம் இல்லையாம். இரண்டு அங்குலம், அதற்கு மேல் பதினாறில் ஆறு பங்கு. 2.8 என்றால் சரியாக இரண்டரை அங்குலம். அளவுக்கு அளவு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் வித்தியாசம். நூலும் பசையும் ஏறினால் உள்ளளவில் அந்த வித்தியாசத்தை அப்படியே தின்றுவிடும். இத்தனை நாள் இது தெரியாமலே விற்றிருக்கிறேன். கடையில் கூட்டம் நெரிந்தபோதும் ஒரு ஸ்கேலை எடுத்து வைத்துக் காட்டிய அண்ணாச்சிக்கு நன்றி. இப்போது நூல் சுற்றி முடித்த பிறகு உள்ளளவு எடுத்துத்தான் பெட்டியில் எழுதுகிறேன். அந்தச் சித்திக்கு அப்புறம் பேத்தி பிறந்தாள். குழந்தைக்குப் போட ஒன்றும் செய்து கொடுக்கவில்லை, மணி கழன்று வாயில் போய்விடும் என்ற பயம். பெரியவளானதும் வரட்டும், முதல் ஜிமிக்கி எங்களுடையது.

காது வீங்கிப்போய் போட்டோ அனுப்பிய கல்லூரி ஆசிரியைக்கும் நன்றி சொல்ல வேண்டும். மலிவாகக் கிடைத்த கொக்கியில் நிக்கல் இருந்திருக்கிறது, பலர் தோலுக்கு அது ஆகாது. டாக்டர் சொன்னதை அப்படியே எங்களுக்கும் சொல்லி, "கொக்கியை மாத்துங்க, தோடு ரொம்ப நல்லா இருக்கு" என்று மறுபடியும் வாங்கினார். அன்று முதல் எங்கள் தோடுகளுக்கு 92.5 வெள்ளிக் கொக்கிதான். விலை கொஞ்சம் கூடியது, யாரும் முணுமுணுக்கவில்லை.

வங்கியில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு அக்கா, சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்கு ஒருவர் எங்களிடம் பணம் கேட்டபோது தடுத்து, அது அரசுத் தளத்தில் இலவசம் என்று உட்கார்ந்து பதிந்து கொடுத்தார். ஜாக்கெட் வெட்டும் துண்டுத் துணிகளை எனக்காக எடுத்து வைக்கும் தையல்கார அண்ணனுக்கும், மாடியில் புகை வந்தும் காய வைத்த வடாமை எடுத்துக்கொண்டு சிரித்தபடி இறங்கிப் போகும் வீட்டுக்கார அம்மாவுக்கும் நன்றி.

அந்த வீட்டுக்கார அம்மாவுக்கு இன்னொரு கடனும் உண்டு. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. நாங்கள் தரைத்தளம். விடியற்காலையில் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அம்மாவை மாடிக்கு ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள் முழங்கால் அளவு. எழுபது வயதில் வீட்டுக்கார அம்மாவும் அவர் மகனும் படியில் நின்று, நாங்கள் எடுத்துக் கொடுத்த பெட்டிகளைக் கைமாற்றி மேலே சேர்த்தார்கள். நூல், கல், பசை எல்லாம் தப்பின. கட்டிலுக்கடியில் நிழலில் காயவைத்திருந்த தோடுகளை மறந்தேபோனோம்.

தண்ணீர் வடிந்த பிறகு தம்பி அந்தத் தட்டுகளை இழுத்தான். சுடாதவை தோடாகவே இல்லை, வெறும் சேறு. பக்கத்துத் தட்டில் சுட்டவை இருந்தன. மேலே சேறு அப்பியிருந்தது. குழாயடியில் கழுவி, துணியால் துடைத்து, ஒன்றை எடுத்து நகத்தால் தட்டினான். 'டிங்.' ஒன்றுமே ஆகவில்லை. வாசலில் சகதி நடுவில் உட்கார்ந்து அறுபத்தொரு ஜோடியையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான், நான் எண்ணினேன். பொங்கலுக்குள் அத்தனையும் விற்றுப்போயின. அந்தப் பணத்தில்தான் மறுபடி மண்ணும் உமியும் வாங்கினோம்.

கொசப்பேட்டைத் தாத்தாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் இதை வாசித்துக் காட்டப் போகிறோம். தட்டிப் பார்க்க ஒரு டப்பா நிறைய ஜிமிக்கியும் கொண்டுபோகிறோம்.

அன்புடன்,
அக்காவும் தம்பியும்
மடிப்பாக்கம், சென்னை