கிணற்றுப் படங்களைப் பற்றி

அன்புள்ள சிவா,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ அனுப்பிய மிளகாய்த்தூள் வந்து சேர்ந்தது. உறைப்புப் போதாது, உன் ஊர்ப் பெருமையைக் கொஞ்சம் குறைத்துக்கொள். மாமரத்தை வெட்டினாயா இல்லையா என்பதைப் பிறகு எழுது. இப்போது உன் மாணவியின் விஷயத்தைக் கதைக்க வேண்டும். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அது என்னைத் தூங்கவிடவில்லை.

வெளிநாட்டுக் கலைக்கூடம் ஒன்று அவளுடைய கிணற்றுப் படங்கள் அத்தனையையும் கேட்கிறது, அடுத்த வருடம் ஒரு சர்வதேசக் கண்காட்சிக்குக் கொண்டுபோகப் போகிறது, அவள் கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷப்பட்டேன், பொய் இல்லை. சீமெந்துப் பையைப் பிரித்து, கழுவி, காயவைத்து, அதில் கறுப்பு மையால் வரைகிற பிள்ளைக்கு உலகம் கதவைத் திறக்கிறது என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி வராது? ஆனால் சிவா, அவசரப்படாதே, அவளையும் அவசரப்பட விடாதே. உலகக் கலைச்சந்தை கூடுகிற சுவிட்சர்லாந்தின் பாசல் ஊரில் நான் இருக்கிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் படங்களைப் பெட்டியிலிருந்து எடுப்பதும் திரும்பப் பெட்டியில் வைப்பதும் என் வேலை. அதனால் சொல்கிறேன்.

அந்தச் சந்தை, இந்த வருட (2025) ஆர்ட் பாசல், போன ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது. 289 கலைக்கூடங்கள், 88,000 பார்வையாளர்கள். 1970இல் ஏர்ன்ஸ்ட் பெயலரும் இன்னும் இரண்டு பாசல் வியாபாரிகளும் சேர்ந்து தொடங்கியபோது 90 கலைக்கூடங்கள்தான் வந்தன. இன்றைக்கு மயாமி, ஹொங்கொங், பாரிஸ் என்று கிளை விட்டிருக்கிறது. 2026 பெப்ரவரியில் கட்டாரிலும் தொடங்கப் போகிறார்களாம்.

வியாபாரம் எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தாய். கதவு திறந்த பிறகு ஆட்கள் வந்து, பார்த்து, பிடித்ததை வாங்குகிறார்கள் என்று நீ நினைத்திருப்பாய். அப்படியும் நடக்கிறது, ஆனால் குறைவு. முக்கியமான சேகரிப்பாளர்களுக்குப் படங்களின் பட்டியல் முன்கூட்டியே மின்னஞ்சலில் போய்விடுகிறது. ஒருவர் தனக்கென்று ஒதுக்கி வைக்கச் சொல்வார், அவர் விட்டால் எனக்கு என்று இரண்டாமவர் வரிசையில் நிற்பார். செவ்வாயும் புதனும் அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும். பொதுமக்கள் டிக்கெட் எடுத்து வியாழக்கிழமை உள்ளே வரும்போது பெரிய வியாபாரங்கள் பெரும்பாலும் முடிந்திருக்கும். பெரிய கூடங்களின் சுவரில் விலை இருக்காது, விற்றதற்கு அடையாளமாகச் சிவப்புப் பொட்டும் இருக்காது. யார் கேட்கிறார் என்று பார்த்துத்தான் பதில் சொல்கிறார்கள். எல்லோரும் தேடுகிற ஓவியர் என்றால் பணம் இருந்தால் மட்டும் போதாது. அருங்காட்சியகத்துக்கு முதலிடம், அடுத்தது பெயர் பெற்ற தொகுப்புகளுக்கு. ஒன்றை நீ வைத்துக்கொள், இன்னொன்றை வாங்கி ஒரு அருங்காட்சியகத்துக்குக் கொடு என்று நிபந்தனை போடுகிற கூடங்களும் உண்டு.

இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. கையில் கிடைத்ததை மறு வருடமே ஏலத்தில் விட்டு லாபம் பார்க்கிறவர்களிடமிருந்து இளம் ஓவியர்களைக் காப்பாற்ற இதுவும் ஒரு வழி. ஏலத்தில் விலை ஒருமுறை ஏறி மறுமுறை விழுந்துவிட்டால், அந்த ஓவியரை அதற்குப் பிறகு யாரும் தொடுவதில்லை. எனக்குக் கவலை வேறு. விற்பனைச் செய்தியில் வரும் விலையை எல்லோரும் படிக்கிறார்கள். படம் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. நான் ஆணி அடித்துப் பூட்டும் பெட்டிகளில் எத்தனையோ, யார் வீட்டுச் சுவருக்கும் போகாமல் நேரே கிடங்குக்குப் போகின்றன. வெப்பமும் ஈரப்பதமும் அளந்து வைத்த, வரி இல்லாத, இருட்டான கிடங்கு. விலை ஏறும்வரை படம் அங்கேயே கிடக்கும்.

இந்த நேரத்தில் ஏன் யாழ்ப்பாணம்வரை தேடி வருகிறார்கள் என்று யோசித்தாயா? மேல்தட்டுச் சந்தை தளர்ந்திருக்கிறது. 2022இல் இங்கே லூயிஸ் பூர்ஷ்வாவின் சிலந்திச் சிற்பம் ஒன்று 40 மில்லியன் டொலருக்கு விற்றது. அடுத்த வருடம் அவருடைய இன்னொரு சிலந்தி 22.5 மில்லியனுக்குப் போனது. 2024இல் ஜோன் மிச்சலின் சூரியகாந்தி ஓவியம் 20 மில்லியன். இந்த வருடம் பெரிதாகப் பேசப்பட்டது டேவிட் ஹொக்னியின் ஓவியம். 13 முதல் 17 மில்லியனுக்குள் என்றுதான் சொன்னார்கள். ஆர்ட் பாசலும் யூபிஎஸ் வங்கியும் சேர்ந்து வெளியிடும் அறிக்கையின்படி 2024இல் உலகக் கலைச்சந்தையின் மொத்த விற்பனை 12 சதவீதம் குறைந்து 57.5 பில்லியன் டொலருக்கு இறங்கியது. ஆனால் விற்ற படைப்புகளின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியிருக்கிறது. விலை குறைந்த படைப்புகள்தான் ஓடுகின்றன. ஆகவே அதிகம் அறியப்படாத, விலை குறைந்த, பின்னால் ஒரு கதை உள்ள ஓவியர்களைக் கூடங்கள் தேடுகின்றன. உன் மாணவி நன்றாக வரைகிறாள் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அவர்கள் வந்த காரணம் அது மட்டும் அல்ல என்பதை அவள் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

வெளியாகும் விலைகளையும் அவள் நம்ப வேண்டாம், அவை பெரும்பாலும் கூடங்களே சொல்லும் கணக்கு. பால் கோகன் 1892இல் தாஹிட்டியில் வரைந்த, இரண்டு பெண்கள் அமர்ந்திருக்கும் ஓவியம் உனக்குத் தெரியும். மாஸ்டரின் பழைய புத்தகத்தில் அட்டையோடு ஒட்டிக்கிடந்த பக்கம், மறந்திருக்க மாட்டாய். அது இந்த ஊர் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு இரவலாகத் தொங்கியது. பத்து வருடங்களுக்கு முன் உரிமையாளர்கள் விற்றார்கள். 300 மில்லியன் டொலர் என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. பிறகு தரகுப் பணத்துக்காக லண்டனில் வழக்கு வந்தபோதுதான் உண்மை விலை 210 மில்லியன் என்று தெரிந்தது. விலையைவிட எனக்கு வலிக்கிற விஷயம் வேறு. பாசல் மக்கள் தம் சொந்தப் படம் போலப் பார்த்துப் பழகிய ஓவியம் ஒரே நாளில் இல்லாமல் போனது.

அந்தக் கோகன் ஓவியத்தை வைத்திருந்த குடும்பத்தின் தொகுப்பைப் பற்றி இன்னொரு கதை இருக்கிறது. கேட்ட நாளிலிருந்து யாரைக் கண்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1967இல் அந்தக் குடும்பத்துக்குப் பங்கிருந்த நிறுவனத்தின் விமானம் சைப்பிரஸில் விழுந்து நொறுங்கியது. பணம் தேவைப்பட்டது. அருங்காட்சியகத்தில் இரவலாக இருந்த பிக்காசோவின் இரண்டு ஓவியங்களை விற்க முடிவு செய்தார்கள். இரண்டுக்கும் 8.4 மில்லியன் பிராங் விலை. ஊர் விடவில்லை. 6 மில்லியனை அரசு கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது, மிச்சத்தைச் சேர்க்க மக்கள் தெருவில் இறங்கினார்கள். பிச்சைக்காரர் விழா என்றே பெயர் வைத்து, சப்பாத்துத் துடைத்தும் உணவு விற்றும் உண்டியல் குலுக்கியும் 2.4 மில்லியன் சேர்த்தார்கள். அரசு கொடுக்கும் பணத்துக்கு எதிர்ப்பும் எழுந்ததால் டிசம்பர் 17ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. பெண்களுக்கு இங்கே வாக்குரிமை கிடைத்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. வாங்கலாம் என்று 32,118 பேர், வேண்டாம் என்று 27,190 பேர். யோசித்துப் பார் சிவா, பஸ் ஓட்டுநரும் பேக்கரிக்காரரும் ஓவியம் வாங்குவதற்கு வாக்குப் போட்டிருக்கிறார்கள்! செய்தி கேட்ட பிக்காசோ மனம் நெகிழ்ந்து இன்னும் நான்கு படைப்புகளை இந்த ஊருக்குக் கொடுத்தார். அவை இன்றும் இந்த ஊர் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. எனக்கு மனம் சரியில்லாத நாட்களில் அப்படி வாங்கிய இரண்டில் ஒன்றான ‘இரண்டு சகோதரர்கள்’ ஓவியத்தின் முன்னால் போய் நிற்பேன். மண்நிறப் பின்னணியில் ஒரு சிறுவன் தன் தம்பியை முதுகில் சுமந்துகொண்டு நிற்கிறான், வேறு ஒன்றும் இல்லை.

வியாபாரிகளையெல்லாம் நான் பழிக்கிறேன் என்று எண்ணாதே. ஏர்ன்ஸ்ட் பெயலர் வாழ்நாள் முழுவதும் படங்களை வாங்கி விற்றவர்தான். அவரும் மனைவி ஹில்டியும் விற்க மனமில்லாமல் சேர்த்து வைத்தவற்றுக்கு 1997இல் பாசலுக்குப் பக்கத்தில் உள்ள ரீஹெனில் ஒரு அருங்காட்சியகமே கட்டினார்கள். ஆறாம் இலக்க டிராமில் ஏறினால் வாசலில் இறங்கலாம். நீ வரும்போது முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். வருகிறேன், வருகிறேன் என்று எத்தனை வருடம் ஏமாற்றுவாய்?

இந்த முறை உன்னை நினைத்துக்கொண்டே பார்த்தது ரூத் அசாவாவின் கம்பிச் சிற்பம். கூரையிலிருந்து தொங்கும். மெல்லிய கம்பியைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னி, ஒரு குமிழுக்குள் இன்னொரு குமிழ் தெரியும்படி செய்திருக்கிறார். ஆள் நடந்தால் எழும் காற்றுக்கே மெல்ல அசைகிறது. சிற்பத்தைவிட அதன் நிழலைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். அவருடைய தொங்கு சிற்பம் ஒன்றைத்தான் டேவிட் ஸ்விர்னர் கலைக்கூடம் 9.5 மில்லியன் டொலருக்கு விற்றதாகச் சொல்கிறார்கள். அசாவா 2013இலேயே இறந்துவிட்டார். அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியப் பெண். 1942இல், உலகப் போர் நடந்தபோது, ஜப்பானிய வம்சம் என்பதற்காகவே பதினாறு வயதில் குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டார், முதலில் தங்கவைத்த இடம் குதிரை லாயம். அதே முகாமில் அடைபட்டிருந்த டிஸ்னி ஓவியர்களிடம் அங்கேதான் வரையப் படித்தார். கம்பி பின்னும் முறை மெக்சிக்கோவில் கூடை முடைகிறவர்களிடம் கற்றது. உனக்காகச் சொல்ல வந்தது இனித்தான். பேர் பெற்ற பிறகு பள்ளிக்கூடங்களில் சித்திரமும் சிற்பமும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சான் பிரான்சிஸ்கோவில் பல வருடங்கள் போராடினார். அங்கே ஒரு அரசுப் பள்ளிக்கு இன்று அவருடைய பெயர். சித்திரப் பாடத்தை வெட்டி மேலதிகக் கணிதம் வைக்கச் சொல்லும் உங்கள் அதிபரிடம் இதைச் சொல்.

சரி, கிணறுகளுக்கு வருகிறேன். போன முறை வந்தபோது அவள் ஒவ்வொன்றாகத் தரையில் விரித்துக் காட்டினாளே, பையின் தையல் பிரித்த இடத்தில் ஊசித்துளைகள் வரிசையாக இருந்தன, மை அந்தத் துளைகளுக்குள் ஊறிப்போயிருந்தது. ஒவ்வொரு கிணற்றுக்கும் கீழே வீட்டுக்காரரின் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு வரி. அந்த வீட்டுக்காரர்களில் எத்தனை பேர் அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறார்கள்? அவை முதலில் அவர்கள் முன்னால் தொங்க வேண்டும். உன் பள்ளி மண்டபமோ வாசிகசாலையோ போதும், ஒரு வாரம் போதும். நீ நினைத்தால் நடக்கும், சாக்குச் சொல்லாதே.

பிறகு விற்கட்டும், விற்கத்தான் வேண்டும். அவளுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, தம்பி படிக்கிறான், எனக்குத் தெரியும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுக்கக் கூடாது. பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம், அவள் மிக நல்லவை என்று நினைக்கும் சிலவற்றைத் தன்னிடமே வைத்துக்கொள்ளச் சொல். விற்ற பணத்தில் ஓவியருக்குப் பாதி, கூடத்துக்குப் பாதி என்பது இங்கே வழக்கம், அதற்குக் குறைய ஒப்புக்கொள்ள வேண்டாம். வாங்குபவருக்குத் தள்ளுபடி கொடுத்தால் அது யாருடைய பங்கிலிருந்து போகிறது என்று இப்போதே கேட்க வேண்டும். படத்துக்குச் சட்டகம் போடுவது, அனுப்புவது, காப்புறுதி, இவை யார் செலவு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு இளம் ஓவியரை எனக்குத் தெரியும். படங்கள் எல்லாம் விற்றும் பத்து மாதமாகக் கூடத்திலிருந்து அவருக்குப் பணம் வரவில்லை. அவருடைய ஒப்பந்தத்தில் எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. விற்காத படங்கள் எந்தத் தேதிக்குள் திரும்பி வரும் என்பதையும் குறித்து வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, யார் வாங்கினார் என்பதை அவளுக்குச் சொல்ல வேண்டும், ஒன்றிரண்டையாவது மக்கள் பார்க்கக்கூடிய தொகுப்புக்குக் கொடுக்க முயற்சி செய்ய வேண்டும் என்று எழுதச் சொல்லட்டும். நல்ல கூடம் இதற்குக் கோபிக்காது. கோபித்தால் அவர்களுடைய குணம் கையெழுத்துக்கு முன்பே தெரிந்துவிடும், அதுவும் நல்லதுதான்.

இந்த வருடம் கண்காட்சிக்கு முன்னால் உள்ள சதுக்கம் முழுவதையும் கத்தரீனா குரோசே என்ற ஓவியர் வண்ணம் தெளித்து வரைந்திருந்தார். தரை, சுவர் என்று எதையும் விடவில்லை, எங்கும் அடர்ந்த இளஞ்சிவப்பு. வேலைக்குப் போகிறவர்களும் குழந்தைகளும் அதன் மேல் நடந்து போனார்கள். டிக்கெட் வேண்டாம், விலையும் இல்லை. அதை அவளிடம் சொல், சந்தோஷப்படுவாள். படம் எடுத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.

நீ ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து எனக்கு அனுப்பு, பின்பக்கத்துச் சிறிய எழுத்தையும் சேர்த்து. இங்கே சட்டம் படித்த ஒரு தம்பி இருக்கிறான், கேட்டிருக்கிறேன், காசு வாங்க மாட்டான். அதுவரை அவள் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அவர்கள் அவசரப்படுத்தினால் என் தொலைபேசி எண்ணைக் கொடு, நான் பேசுகிறேன்.

அன்புடன்,
ரவி