அது 'புதுமை' அல்ல, ஐயா!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு மலரின் சினிமாப் பக்கத்தில், ஒரு பேய்ப்பட முன்னோட்டத்தைப் பற்றி, 'படத்தின் பெயர் வந்த பிறகும் ஒரு முகம் பாய்கிறது. இதுவரை யாரும் யோசிக்காத புதுமை' என்று உங்கள் செய்தியாளர் வியந்திருக்கிறார். அடேயப்பா! கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்களுக்கே பழகிப்போன வித்தை, சினிமாப் பக்கத்துக்கு இப்போதுதான் வந்து சேர்ந்ததோ?

பெயர் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று பார்ப்பவர் அசந்துவிடுவார். அந்த ஒன்றிரண்டு நொடிதான் குறி. இசையை மட்டும் நிறுத்தினால் போதாது. அறையின் இரைச்சல், பூச்சிச் சத்தம் எல்லாவற்றையும் அறுக்க வேண்டும். காது அந்த அமைதிக்குப் பழகிய பிறகு சாதாரணச் சத்தமே இடியாக விழும். அரை நொடியில் அடித்தால் காது பழகியிருக்காது. ஐந்து நொடி இழுத்தால் கொட்டகையில் எவனாவது சிரித்துத் தொலைப்பான். நொடிக்கு 24 பிரேம். முகம் வந்து நாலைந்து பிரேம் கழித்து அலறல் வந்தால் பயம் போய்விடும், பிழைதான் தெரியும்.

தாலாட்டை ஒற்றை விரல் பியானோவில் இழுப்பதும், இருட்டுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாக எழுத்துப் போடுவதும் இதே பழைய சரக்குதான். இப்படிப்பட்ட முன்னோட்டங்களில் கேட்கும் அந்தக் கீச்சொலி 'வாட்டர்ஃபோன்' என்ற கருவியுடையது: கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய எஃகுக் கிண்ணம், விளிம்பைச் சுற்றிக் கம்பிகள், தேய்க்க ஒரு வில். கைப்பேசியில் பார்த்தால் அடித்தொனி உறுமல் கேட்பதே இல்லை, இந்தக் கீச்சொலிதான் மிஞ்சும்.

புதுமை வேண்டுமா? 1960இல் 'சைக்கோ' முன்னோட்டத்தில் இயக்குநர் ஹிட்ச்காக் தாமே வந்து ஆறு நிமிடத்துக்கு மேல் கதை நடக்கும் விடுதியையும் வீட்டையும் சுற்றிக் காட்டினார். முடிவில் குளியலறைத் திரையை இழுத்ததும் அலறுவது, படத்தில் அங்கே கொல்லப்படும் ஜேனட் லீ அல்ல, வேரா மைல்ஸ்! 1980இல் வந்த 'தி ஷைனிங்' படத்தின் முன்னோட்டம் ஒரே ஷாட்: மின்தூக்கி, ரத்த வெள்ளம். பாயும் முகம் எதுவும் இல்லை.

அதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்பீர்கள். மரியா மெனாடோ நடித்த நம் மலாய்ப் பேய்ப்படம் 'பொந்தியானாக்' 1957இல் வந்தது. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ். தாங்கள் அறியாததல்ல. ஆனால் அவரைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரி கண்ணில் பட்டதில்லை. ரப்பர் தோட்டம், லயம் (தொழிலாளர் வரிசை வீடு), பால்மரம் என்றால் மட்டும் உடனே 'அமானுஷ்யம்' என்று கொட்டை எழுத்து. எங்கள் சனங்கள் குடியிருந்த வீடு ஐயா அது. தலைவிளக்கோடு இருட்டில் மரம் சீவப் போனவர்களுக்குப் பாம்பும் கொசுவும்தான் பயம்.

இதையெல்லாம் வெட்டிவிடுவீர்கள், தெரியும். முன்னோட்டம் வெட்டுகிறவர்களைவிட வாசகர் கடிதம் வெட்டுவதில் உங்கள் அலுவலகம் கைதேர்ந்தது. ஒன்றையாவது செய்யுங்கள். முன்னோட்டச் செய்தியின் அடியில் மலேசியத் தணிக்கை வாரியம் கொடுத்த வயதுப் பிரிவை (பி12, 13, 16, 18) ஒரு வரியில் போடுங்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஈப்போவரை போய், டிக்கெட் முகப்பிலிருந்து திரும்பி வர வேண்டியிருக்காது.

தங்கள் நெடுநாள் வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்