எண்பதோடு நிறுத்து

சின்னவனுக்கு அப்பா எழுதுவது.

இங்கு எல்லோரும் சுகம். அக்கா வந்துவிட்டுப் போனாள். சரி, விஷயம் இதுதான்: உன் எலக்ட்ரிக் காருக்குச் சார்ஜ் ஏற்றுவதை எண்பது சதவீதத்தோடு நிறுத்து. போனில் சொன்னால் "மீட்டிங்ப்பா" என்று வைத்துவிடுகிறாய்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பேட்டரி ரூமில் முப்பத்தொரு வருடம் ஹைட்ரோமீட்டரும் கையுமாக நின்றவன் நான். 24 செல், ஒவ்வொன்றும் 2 வோல்ட். அந்த ஈய பேட்டரியைக் காலியாகப் போட்டுவைத்தால் தகட்டில் வெள்ளை பூத்துவிடும், எப்போதும் நிறைந்தே இருக்கவேண்டும். உன் வண்டியில் இருக்கிற லித்தியம் பேட்டரி தலைகீழ். நூறு ஏற்றி வெயிலில் நாள்கணக்கில் நிறுத்தினால்தான் அதற்கு ஆயுள் குறைகிறது. ரொம்பவும் இறங்கவும் விடாதே. வீட்டு பிளக்கில் ராத்திரி மெதுவாக ஏற்று, ஃபாஸ்ட் சார்ஜர் அவசரத்துக்கு மட்டும், அதுவும் எண்பதைத் தாண்டினால் நத்தை மாதிரி ஊரும், அங்கே உட்கார்ந்து என்ன லாபம். எதிர்வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை நூறு ஏற்றுகிறார் என்றால் அவருடையது எல்எஃப்பி, லித்தியத்திலேயே வேறு வகை, அதற்கு அப்படித்தான். உன்னுடையது என்எம்சி வகை, அதற்கு எண்பதுதான். தெருவுக்கே முதல் எலக்ட்ரிக் கார் என் பையன் வாங்கினது என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அது நாலு வருடத்தில் படுத்துவிடக்கூடாது.

ஃபாஸ்டேக் இன்னும் என் நம்பரில்தான் இருக்கிறது. போன வெள்ளி ராத்திரி 1.40க்குக் கிருஷ்ணகிரி டோல், 2.50க்குத் தொப்பூர் டோல் என்று மெசேஜ் வந்தது. நடுவில் தர்மபுரி என்று ஒரு ஊர் இருக்கிறது. எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை. தொப்பூர் கணவாய்க்குச் சற்று முன்னால் எங்காவது நூறு ஏற்றிக்கொண்டு உடனே இறங்கினால் ரீஜென், அதாவது மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்குக் கரண்ட் திருப்பி ஏற்றுவது, சரியாகப் பிடிக்காது, பேட்டரியில் வாங்கிக்கொள்ள இடம் இருக்காது, லாரிகளுக்கு நடுவே வெறும் பிரேக்கை நம்பி இறங்கவேண்டும், அதுவும் தூக்கக் கண்ணோடு. அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எண்பது.

பொங்கலுக்கு வந்தபோது நூறு ஏற்றி நாலு நாள் வாசல் வெயிலில் போடவைத்தது நான்தான். நீ வேண்டாம் என்றாய். "பேட்டரியைப் பற்றி எனக்கே பாடமா" என்று மாமா முன்னால் கத்தினேன். அதோடு விட்டேனா, பேங்க் வேலையை நீ விட்டதையும் இழுத்தேன். நீ கிளம்பின அன்று ராத்திரியே அக்கா போனில் வண்டிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். நீ சொன்னதுதான் அதில் இருந்தது. மேலே எழுதியதெல்லாம் நீ அன்றைக்குச் சொன்னதுதான், தெரியாமல் இல்லை.

திண்ணை ஓரம் 15 ஆம்பியர் பிளக் வைத்து எர்த் தனியாக அடித்தாயிற்று. மேலே தகரமும் இறக்கிவிட்டேன், வண்டிமேல் வெயில் படாது. கேட் சாவி அம்மா மாட்டுகிற அதே ஆணியில் வெளிப்பக்கம் தொங்குகிறது, மூன்று மணியானாலும்.

அப்பா