தோற்றால் கைமாற வேண்டும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பல நாட்கள் ஆகிவிட்டன. வேலை மிகுதி என்று காரணம் சொல்லலாம். ஆனால் உண்மை அதுவன்று. கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று வாங்கியிருப்பதாக முந்தைய கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன் அல்லவா, கடிதத்துக்கென்று ஒதுக்கி வைத்த இரவுகளை எல்லாம் அதுவே எடுத்துக்கொண்டது. "இந்த வயதில் அதில் என்ன இருக்கிறது? தோற்பதற்கு நமக்கு வேறு இடமா இல்லை?" என்று நீ கேட்டிருந்தாய். கேலியாகத்தான் கேட்டாய் என்று தெரியும். ஆனால் இந்தச் சில மாதங்களில் விளையாடியவற்றை நினைத்துப் பார்க்கும்போது, அவற்றைப் பற்றி எனக்குச் சொல்லத் தோன்றுவதெல்லாம் அந்தத் தோற்பதைப் பற்றியே இருக்கிறது.

நம்முடைய பழைய கேம் பாய் உனக்கு நினைவிருக்கும். 1989-இல் வெளிவந்த அந்தக் கருவி நம் கைக்கு வந்து சேர்ந்தபோது அதற்கே வயதாகியிருந்தது. நான்கு பேட்டரிகள், பின்னொளி இல்லாத பாசிநிறத் திரை. விளக்கின் வெளிச்சம் சரியாக விழும்படி அதைச் சாய்த்துப் பிடிப்பதற்கே தனிப் பயிற்சி வேண்டியிருந்தது. இருவருக்கும் சேர்த்து ஒரே கருவி, விழும் துண்டுகளை அடுக்கி வரிசைகளை நிரப்பி அழிக்கும் டெட்ரிஸ் என்ற ஒரே விளையாட்டு என்பதால் நாம் வகுத்துக்கொண்ட சட்டமும் ஒன்றுதான்: தோற்றவன் கருவியை மற்றவன் கையில் கொடுத்துவிட வேண்டும். நாம் ஆடிய வகையில் வெற்றி என்ற ஒன்றே கிடையாது என்பதை அப்போது நாம் யோசித்ததில்லை. பத்து வரிசைகள் அழிந்தால் வேகம் கூடும். மீண்டும் பத்து அழிந்தால் இன்னும் கூடும். எத்தனை திறமை இருந்தாலும் தோல்வியைச் சிறிது தள்ளிப்போட முடியுமே தவிரத் தவிர்க்க முடியாது. கருவியை அணைத்தால் எடுத்த புள்ளிகளும் மறைந்துவிடும் என்பதால், ஒரு நோட்டில் அவற்றை எழுதி வைத்தோம். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. உன் கையெழுத்து அன்றும் இப்படித்தான் இருந்தது.

அந்தச் சட்டத்தில் வளர்ந்த கைகளோடு நான் முதலில் தொட்டது செலஸ்ட். 2018-இல் வந்த விளையாட்டு. மேடலின் என்ற இளம்பெண் ஒரு மலையில் ஏறுகிறாள். கதை அவ்வளவுதான் என்று சொன்னால் அது பொய்யாகாது, ஆனால் பாதிதான் உண்மையாகும். குதிக்கலாம், சுவரைப் பற்றிக்கொண்டு சிறிது நேரம் தொங்கலாம், காற்றில் இருக்கும்போது ஒரு முறை எந்தத் திசையிலும் பாயலாம். இந்த மூன்றை வைத்துக்கொண்டு முட்களும் பள்ளங்களும் நிறைந்த ஒவ்வொரு திரையையும் கடக்க வேண்டும். முள்ளில் பட்டால் இறப்புதான். ஆனால் இறந்த நொடியே அதே திரையின் தொடக்கத்தில் நின்றுகொண்டிருப்பாய். உயிர்களின் எண்ணிக்கை குறைவதில்லை, பின்னோக்கி இழுத்துச் செல்வதில்லை, "ஆட்டம் முடிந்தது" என்ற அறிவிப்பும் இல்லை. முதல் இரண்டு நாட்கள் என் கை அதை நம்ப மறுத்தது. ஒவ்வொரு முறை விழுந்ததும் கருவியை யாரிடமோ கொடுக்க வேண்டும் என்பது போல விரல்கள் தளர்ந்துவிடும்; நிமிர்ந்து பார்த்தால் மேடலின் எனக்காகக் காத்திருப்பாள்.

எத்தனை முறை இறந்தோம் என்பதை மட்டும் அது மறக்காமல் கணக்கு வைக்கிறது. அத்தியாயம் முடிந்ததும் காட்டுகிறது. சிகரத்துக்குப் போகும் ஏழாம் அத்தியாயத்தில் மட்டும் என் கணக்கு 612. அந்த எண்ணைக் கண்டு வெட்கப்பட வேண்டாம், பெருமைப்படலாம் என்று விளையாட்டே ஓரிடத்தில் சொல்கிறது. நான் அதை ஆறுதல் வார்த்தை என்றுதான் எடுத்துக்கொண்டேன். பிறகு வேறொன்றைத் தெரிந்துகொண்டேன். பாறையின் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் பட்ட பின்னரும், நொடியின் மிகச் சிறு பகுதி வரை, குதிக்கும் பொத்தானை அது ஏற்றுக்கொள்கிறது. மேல்தளத்தின் மூலையில் தலை இடித்தால் உடலைச் சற்றே நகர்த்தி விட்டுவிடுகிறது. கண்டிப்பான ஆசிரியர் விடைத்தாளில் அரை மதிப்பெண்ணைச் சொல்லாமல் கூட்டிப் போடுவது போல, இத்தனை கடுமையான விளையாட்டு நமக்குத் தெரியாமல் நம் பக்கம் சாய்ந்து நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்த 612-ஐயும் என்னால் சிரித்துக்கொண்டு பார்க்க முடிந்தது. மேடலினுக்கு மூச்சு முட்டும் ஒரு காட்சியில், திரையில் ஓர் இறகு தோன்றும். பொத்தானை அழுத்தியும் விட்டும் அதைச் சீராக மிதக்கவிட வேண்டும். செய்துகொண்டிருக்கும்போது நானும் அவளோடு சேர்ந்து மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்ததைச் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

உன்னிடம் மறைப்பானேன், ஓரிடத்தில் உதவி நிலையையும் பயன்படுத்தினேன். விளையாட்டின் வேகத்தைப் பத்துப் பத்து விழுக்காடாகக் குறைத்துக்கொள்ள அதில் வசதி இருக்கிறது. நம் கைகளுக்கு வயது கூடிவிட்டது என்பதை மற்றவர்கள் சொல்லக் கேட்பதைவிட, ஒரு பட்டியலில் நானே தேர்ந்தெடுப்பது மேலாக இருந்தது.

அடுத்து ஹேடிஸ். 2020-இல் வெளிவந்தது. கிரேக்கப் புராணத்தின் பாதாள உலகத்தை ஆளும் ஹேடிஸின் மகன் ஸாக்ரியஸ், தந்தையின் மாளிகையை விட்டுத் தப்பிக்கப் பார்க்கிறான். அறை அறையாகச் சண்டையிட்டு மேலேற வேண்டும். வழியில் ஒலிம்பஸ் தெய்வங்கள் வரங்கள் கொடுப்பார்கள். இறந்தால் வரங்கள் போய்விடும், மாளிகையிலுள்ள குருதிக் குளத்திலிருந்து மீண்டும் எழ வேண்டும். செலஸ்டில் இறப்பு ஒரு கண்சிமிட்டல் என்றால், இதில் அது வீடு திரும்புதல். குளத்திலிருந்து எழுந்து வந்தால் உறக்கத்தின் தெய்வமான ஹிப்னோஸ் கையில் பட்டியலோடு நின்று, இம்முறை எதன் கையில் இறந்தாய் என்று பார்த்து இலவச அறிவுரை வழங்குவான். புராண வீரன் அக்கிலீஸ் ஒரு தூணருகே நின்று பேசக் காத்திருப்பான். மூன்று தலை நாயைத் தடவிக் கொடுக்கலாம். இறக்காமல் இருந்தால் இவர்களில் ஒருவரோடும் பேச முடியாது. ஆகவே கதை நகர வேண்டுமென்றால் நாம் தோற்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் கூர்மை எனக்கு உறைக்கச் சில நாட்கள் ஆயின. ஒரு நாள் நன்றாக விளையாடி வெகுதூரம் போய்க்கொண்டிருந்தபோது, மாளிகையில் பாதியில் விட்ட ஓர் உரையாடலின் மீது ஆவல் வந்து, "இப்போதே இறந்தால்தான் என்ன" என்று தோன்றியது! டெட்ரிஸ் ஆடிய நாட்களில் உன் முகத்துக்கு எதிரே இப்படி ஒரு எண்ணம் எனக்கு வந்திருக்குமா?

இதிலும் ஓர் உதவி நிலை உண்டு. அதைத் தேர்ந்தால் முதலில் நமக்கு ஏற்படும் காயத்தில் 20 விழுக்காடு குறையும். அதன் பிறகு ஒவ்வொரு இறப்புக்கும் 2 விழுக்காடு கூடுதலாகக் குறைந்து, 80 வரை போகும். தோற்கத் தோற்கத் தோல் தடிக்கிறது. இறுதி வாசலில் எதிர்த்து நிற்பவர் யார் என்பதை நான் எழுத மாட்டேன்; நீ ஊகித்துவிடுவாய், ஊகித்தாலும் அந்தக் காட்சி கெடாது.

இவை இரண்டும் தோல்வியின் விலையைக் குறைக்கின்றன என்றால், இன்டு தி பிரீச் அதை முழுவதுமாக என் தலையில் வைத்தது. 8-க்கு 8 கட்டங்கள் கொண்ட சிறு பலகை. நம் தரப்பில் மூன்று இயந்திர வீரர்கள். நிலத்தைப் பிளந்துகொண்டு வரும் பூச்சிப் படை. ஒவ்வொரு பூச்சியும் அடுத்து எந்தக் கட்டத்தைத் தாக்கப் போகிறது என்பதை முன்கூட்டியே காட்டிவிடும். எனவே பூச்சியைக் கொல்வதைவிட, அதை ஒரு கட்டம் தள்ளிவிட்டு, அதன் அடி இன்னொரு பூச்சியின் மீது விழும்படி செய்வதே சாமர்த்தியம். எல்லாம் கண்முன் விரித்து வைக்கப்பட்டிருப்பதால், ஒரு கட்டடம் இடிந்து அதிலிருந்த மக்கள் போனால், பெரும்பாலும் பகடையைக் குறைசொல்ல வழியில்லை. நான் சரியாகப் பார்க்கவில்லை என்பதே பொருள். ஒரு போரில் ஒரே ஒரு முறைதான் ஒரு சுற்று முழுவதையும் பின்வாங்கிக்கொள்ளலாம். ஒரு நகர்வுக்காக நான் கால் மணி நேரம் அசையாமல் அமர்ந்திருந்ததுண்டு. சதுரங்கத்தில் நீ யோசிக்கும் நேரத்தைக் குறித்து நான் செய்த கேலிகளை எல்லாம் இக்கடிதத்தின் வழியே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஸ்டார்டியூ வேலியைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கில்லை. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தனியாக உழைத்து உருவாக்கியது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. விளையாட்டில் ஒரு நாள் என்பது நமக்குப் பதினான்கு நிமிடங்கள். விதைத்தல், நீர் பாய்ச்சல், மீன்பிடித்தல். அதிகாலை இரண்டு மணிக்குள் படுக்கைக்குப் போகாவிட்டால் மயங்கி விழுவோம், கையிலுள்ள காசில் கொஞ்சம் போகும். அதற்கு மேல் பெரிய தோல்வி இல்லை. அமைதி தேடுவோர் அதைக் கொண்டாடுகிறார்கள். எனக்கோ, அலுவலகம் முடிந்து வந்து இன்னோர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டது போல இருந்தது. ஓராண்டுப் பயிரை அறுத்துவிட்டு வெளியேறினேன்.

ஆனால் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா தின் என்பதைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். லூகஸ் போப் உருவாக்கி 2018-இல் வெளியிட்ட விளையாட்டு. காணாமற்போன வணிகக் கப்பல் ஒன்று 1807-இல் ஆளில்லாமல் கரைக்குத் திரும்பி வருகிறது. நாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்த அறுபது பேரில் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்பதை ஒரு புத்தகத்தில் நிரப்ப வேண்டும். நம்மிடம் ஒரு பைக்கடிகாரம் இருக்கிறது. பிணத்தருகே அதைத் திறந்தால், இருளில் அந்த மனிதரின் கடைசி நொடிகளின் ஒலி கேட்கும், பின் அவர் இறந்த கணம் சிலைபோல உறைந்து நம்மைச் சுற்றி நிற்கும். அதற்குள் நடந்து பார்க்கலாம்; எதையும் மாற்ற முடியாது. கருப்பும் வெளுப்புமாகப் புள்ளிகளால் ஆன, பழைய கணினித் திரை போன்ற காட்சி.

இங்கே நாம் இறப்பதில்லை. இறப்புகள் எல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கின்றன. தோல்வி என்பது தவறாக ஊகிப்பது மட்டுமே. அதையும் விளையாட்டு நம்மிடம் சொல்வதில்லை. மூன்று பேரின் விவரம் முழுவதும் சரியாக அமைந்தால்தான் அம்மூன்றையும் அச்சிட்டு உறுதி செய்யும். எது தவறு, எத்தனை தவறு என்று தெரியாமல் நாட்கணக்கில் நடமாட வேண்டும். மாலுமிகள் பட்டியலில் பெயருக்கு எதிரே நாடு எழுதப்பட்டிருக்கிறது. இந்தியா என்று குறிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். நான் அவர்களைத்தான் முதலில் தேடினேன், ஏனென்று கேட்காதே. முகம் தெரிகிறது, பெயர் தெரியவில்லை. பெயர் தெரிகிறது, எந்த முகம் என்று தெரியவில்லை. கடைசியில் உதவியது என்ன தெரியுமா? அவர்கள் உறங்கிய தொங்கு படுக்கைகளில் கட்டியிருந்த எண்கள். ஒரு மனிதன் உலகில் விட்டுச் சென்ற ஒரே தடயம் அவன் படுக்கையின் எண்ணாக இருப்பது குறித்து, கருவியை மடியில் வைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

சிறு திரைக்கு இது ஏற்ற விளையாட்டா என்று நீ கேட்டால், இல்லை என்றே சொல்வேன். புள்ளிகள் நெருங்கிக் கண்ணை உறுத்துகின்றன. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கருவியை முகத்தருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆனால் பெரிய திரையில் ஆடியிருந்தால், அந்தப் பிணங்களோடு இவ்வளவு நெருக்கம் வந்திருக்குமா என்பது ஐயம்தான். இன்னொன்று: விடை தெரிந்தபின் இதை மறுமுறை ஆட முடியாது. ஆகவே ஒரு விடையும் இங்கே எழுதவில்லை.

எதில் தொடங்குவது என்றும் கேட்டிருந்தாய். ஓப்ரா தின்னில் தொடங்காதே. அ ஷார்ட் ஹைக் என்றொன்று இருக்கிறது. கிளேர் என்ற பறவைப் பெண் தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்குமென்று ஒரு மலையுச்சிக்குப் போகிறாள். பொன்னிறகுகளைச் சேர்த்தால் மேலும் உயரலாம். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும், விழுந்தாலும் சறுக்கிப் பறந்து இறங்கலாம். உன் விரல்கள் பழகியபின் செலஸ்டுக்குப் போ. அதன் பிறகு ஓப்ரா தின்; ஒவ்வொரு மூன்று பேரும் உறுதியானதும் எனக்கு எழுது, நான் எத்தனை நாளில் கண்டேன் என்பதைச் சொல்கிறேன்.

நேற்றிரவு அந்த நோட்டை எடுத்துப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் கடைசி வரி உன்னுடையது: புள்ளிகளை எழுதி, அருகில் "கை வழுக்கியது, இது கணக்கில் சேராது" என்றும் குறித்திருக்கிறாய். அதற்குக் கீழே என் வரி இல்லை; கருவி உன்னோடு போய்விட்டது. இத்தனை ஆண்டுகளில் இதை நான் கேட்டதில்லை. ஆனால் சட்டப்படி நீ தோற்றுவிட்டாய், கருவி கைமாறவில்லை. அடுத்த முறை சந்திக்கும்போது அதைக் கொண்டு வா. பேட்டரி நான்கையும் நான் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்