எட்டாம் அத்தியாயத்திலேயே சொல்லட்டும்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு மகன் முகிலனுக்கு,

உன் நாவலை இரண்டு தடவை படித்துவிட்டேன். முதல் தடவை கதைக்காக, அடுத்த தடவை கையில் பென்சிலோடு. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பெரிய குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 22 அத்தியாயம். உருமி மேளக் குழுவை நடத்துகிற குமரண்ணன் தன்னிடம் பாலியல் ரீதியாகத் தப்பாக நடந்ததைப் பற்றி 19-இல்தான் சரவணன் வாயைத் திறக்கிறான். 20-இல் போலீஸ் வருகிறது, 21-இல் குமரண்ணனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், 22-இல் சரவணனும் அவன் நண்பன் தினேஷும் ஆற்றில் குதித்துக் குளிக்கிறார்கள். இதைப் படிக்கிற 14 வயதுப் பையன், வாயைத் திறந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எடுத்துக்கொள்வான். அவனுக்கே அப்படி ஒன்று நடந்து, சொல்லியும் பார்த்து, ஒன்றும் தீராமல் இருந்தால்? தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பான். சரவணன் 8-ஆம் அத்தியாயத்திலேயே சொல்லட்டும். மீதி 14 அத்தியாயமும் சொன்னதற்குப் பிறகு நடப்பவை. இரண்டு பேரும் வளர்வதும், அவர்கள் நட்பு நிற்குமா நிற்காதா என்பதும் அங்கேதான் இருக்கிறது.

சரவணன் சொல்கிற விதமும் சரியில்லை. மழையில் நனைந்துகொண்டு, ஒரே மூச்சில், முன்னும் பின்னும் ஒழுங்காக ஒன்றரைப் பக்கம் பேசுகிறான். எந்தப் பிள்ளையும் இப்படிச் சொல்லாது. முதலில் சின்னதாக ஒன்றைப் போட்டுப் பார்க்கும், கேட்பவர் முகம் எப்படிப் போகிறது என்று கவனிக்கும். முகம் மாறினால் "சும்மா சொன்னேன்" என்று சிரித்துவிடும். ரோலண்ட் சம்மிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1983-இல் இதை ஐந்து கட்டமாக எழுதி வைத்தார்: ரகசியம், கையாலாகாத நிலை, சிக்கிக்கொண்டு அதற்கே பழகிப்போவது, தாமதமாகவும் நம்பும்படியில்லாமலும் சொல்வது, கடைசியில் சொன்னதை மறுப்பது. எல்லாப் பிள்ளைக்கும் ஐந்தும் நடக்கும் என்றில்லை, இதை வைத்து நடந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லவும் முடியாது. ஆனால் கதை எழுதுகிறவன் கடைசி இரண்டையும் மறக்கக் கூடாது. உன் கதையில் மறுப்பே இல்லை.

அவன் வாயில் "பாலியல் துன்புறுத்தல்" என்று வருகிறதே, அது பத்திரிகைத் தமிழ். படிவம் 2-இல் படிக்கிற 14 வயதுப் பையன் அப்படிப் பேசமாட்டான். "நான் இனிமே பிராக்டிஸுக்கு வரலடா." "ஏன்?" "அண்ணன் ஒரு மாதிரிடா." இவ்வளவுதான் வரும். தினேஷ், "எல்லாருக்கும்தான் ஏசுவாரு" என்று சொல்லிவிட்டு கந்தீனில் மீ வாங்கப் போய்விடட்டும். நல்ல நண்பன்தான், ஆனால் காதில் விழவில்லை. அவனுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் உறைக்க வேண்டும்.

உறைப்பதற்கு உன்னிடமே நல்ல பொருள் இருக்கிறது, நீதான் பயன்படுத்தவில்லை. சரவணன் உருமி வாசிக்கிறவன். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து முனக வைப்பது, மறுமுகத்தை நேர்க் குச்சியால் அடிப்பது, இரண்டையும் பழக எவ்வளவு நாள் பிடிக்கும் என்று 3-ஆம் அத்தியாயத்தில் அழகாக எழுதியிருக்கிறாய். அப்படிப் பழகியவன் ஒரு நாள் உருமியைக் கழற்றி வைத்துவிட்டு, சிங்கித் தாளத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் போய் நிற்கட்டும். முன்னால் நின்றால் அண்ணன் பக்கத்தில் நிற்க வேண்டும். காரணத்தை யாரும் சொல்ல வேண்டாம்.

குமரண்ணன் முதல் அத்தியாயத்திலேயே கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறான். வேண்டாம். அப்படி முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்தால் யார் பிள்ளையை விடுவார்கள்? அவனை எல்லோருக்கும் பிடிக்க வேண்டும், சரவணனின் அம்மாவுக்கு எல்லோரையும்விட அதிகமாக. வரிசையை இப்படி வைத்துப் பார்: போனுக்கு 10 ரிங்கிட் டாப் அப் போடுகிறான். மோட்டாரில் பள்ளிக்கு ஏற்றிப் போகிறான். வீட்டுக்கு நாசி லெமாக் வாங்கி வருகிறான். சண்டையில் சரவணனுக்காக நிற்கிறான். அப்புறம் ஒரு நாள் வேப், அதாவது மின்சிகரெட், கொடுத்து, "அம்மாகிட்ட சொல்லிடாத" என்கிறான். பூட்டு விழுவது இங்கேதான். பின்னால் நடந்ததைச் சொல்லப் போனால் வேப் பிடித்ததும் வெளியே வரும். வெளியாளுக்கு அது அற்ப விஷயம். அந்த வயதில் அது மலை.

இதில் ஒரு சட்டப் பிழையும் இருக்கிறது. "இன்னும் தொடவில்லையே, போலீசால் என்ன செய்ய முடியும்" என்று 11-ஆம் அத்தியாயத்தில் மாமா சொல்கிறார். 2017-ஆம் ஆண்டு சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டப்படி, அந்த நோக்கத்தோடு செய்தி அனுப்பிப் பிள்ளையை வசப்படுத்துவதே குற்றம். 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. 18 வயதுக்குக் கீழே ஆணோ பெண்ணோ எல்லோருக்கும் அது பொருந்தும். தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். மாமா அறியாமல் பேசுவதாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் யாராவது திருத்த வேண்டும். நாவலே தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது.

வீட்டு நேரத்தையும் சரிசெய். அப்பா ரப்பர்ப் பால் மரம் வெட்டுகிறார் என்று எழுதியிருக்கிறாய். உன் கதை நடப்பது 2023-இல், இங்கே கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை. அப்பாவை 12 மணி நேர ஜாகாவாக, அதாவது காவலாளியாக, வை, இரவு வேலை, பகலில் தூக்கம். அம்மாவைத் தொழிற்சாலைப் பேருந்து காலை ஐந்தரைக்கு ஏற்றிக்கொள்ளும். இரண்டு நேரப் பள்ளியில் படிவம் 1, 2 பிற்பகலில்தான் நடக்கும். அப்படியானால் காலை முழுக்கப் பையன் கேட்பாரற்றுக் கிடக்கிறான். குமரண்ணனுக்கு அது தெரியும். அப்பா உள்ளறையில் தூங்குகிறார் என்பதுதான் இதில் ரொம்பக் கொடுமை. இன்னும் இரண்டு: பள்ளிச் சப்பாத்து 2021-லிருந்து கறுப்பு, நீ வெள்ளை என்று எழுதியிருக்கிறாய். படிவம் 3-இன் பிடி3 தேர்வை 2022-இலேயே ரத்து செய்துவிட்டார்கள்.

87-ஆம் பக்கத்தை எடுத்துவிடு. நடந்ததை அப்படியே காட்டுகிறாய். அனுபவித்த பிள்ளையை அது மறுபடி அந்த அறைக்குள் தள்ளும், அனுபவிக்காத பிள்ளை வேடிக்கை பார்க்கும். முன்னால் தாழ்ப்பாள் சத்தம், பின்னால் அவன் வீட்டுப் படியில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டி, மறுபடி அவிழ்ப்பது. போதும். பையனுக்கென்றே இருக்கிற ஒரு பயத்தை நீ தொடவே இல்லை: "அப்ப நான் யாரு? என் உடம்பு ஏன் அப்படி ஆச்சு?" உடம்பு தன் பாட்டுக்கு எதிர்வினை காட்டும், அது சம்மதம் ஆகாது என்று கதையில் யாராவது அவனிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கவுன்சலிங் ஆசிரியர் சொல்லட்டும்.

அந்த ஆசிரியரை ரொம்ப நல்லவராக்கப் போய்க் கெடுத்துவிட்டாய். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்கிறார். அந்தச் சத்தியத்தை அவரால் காப்பாற்ற முடியாது, மீறியதும் பையன் பெரியவர்கள் எல்லோரையும் வெறுப்பான். அவர் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: நீ சொன்னது நல்லது, நான் நம்புகிறேன், இது உன் தப்பு இல்லை, இதை ரகசியமாக வைக்க முடியாது, ஆனால் யாரிடம் சொல்லப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். அதோடு நிறுத்தட்டும். எங்கே தொட்டான், எத்தனை முறை என்று துருவினால் பையன் வாயில் அவரே வார்த்தையைப் போட்டதாகிவிடும், வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார்.

பிறகு நடப்பதை நீ ஒரு பக்கத்தில் தாண்டிவிட்டாய். அங்கேதான் கதையே இருக்கிறது. புகார் போலீஸ் நிலையத்தில், விசாரணை டி11-இல், அதாவது பாலியல், பெண்கள், சிறார் வழக்குகளைப் பார்க்கும் போலீஸ் பிரிவில். அரசாங்க மருத்துவமனையில் அவசரப் பிரிவோடு சேர்ந்து ஒரே இடத்தில் பார்க்கும் நெருக்கடி மையம் இருக்கும், உன் கதைக்கு ஈப்போ பெரியாஸ்பத்திரி. கடைசியாக நடந்தது எப்போது என்று நீ எங்கும் எழுதவில்லை. 72 மணி நேரத்துக்குள் என்றால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து கொடுக்க வழியுண்டு, அந்த அவசரமே வேறு. மாதக்கணக்கு ஆகியிருந்தால் பரிசோதனையில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு" என்று ஊர் பேசும், ஆனால் ஒன்றும் தெரியவில்லை என்பது ஒன்றும் நடக்கவில்லை என்பதாகாது. சமூகநல இலாகா அதிகாரி 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி பாதுகாவலராக வருவார். பையனின் வாக்குமூலத்தை வீடியோவில் எடுப்பார்கள். வழக்கில் அவன் குமரண்ணனை நேருக்கு நேர் பார்க்காமல் சாட்சி சொல்ல 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது, நீயோ அவனைக் கூண்டில் ஏற்றி விரல் நீட்ட வைத்திருக்கிறாய். சினிமா.

தினேஷ் தப்பு செய்ய வேண்டும். காப்பாற்றுகிற நண்பன் அலுத்துவிட்டான். கோபத்தில் சரவணனின் போனை வாங்கி, வாட்சாப் செய்தி எல்லாவற்றையும் அழித்துவிடட்டும். நண்பனைச் சுத்தப்படுத்திவிட்டதாக நினைக்கிறான், போனதோ ஆதாரம். இன்ஸ்பெக்டர் போனைக் கேட்கும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கிற காட்சி உனக்கு 13-ஆம் அத்தியாயம். அதற்காக வழக்கு அங்கேயே செத்துவிடாது. வேறு சான்று இல்லாவிட்டாலும் பிள்ளையின் சாட்சியை வைத்தே தண்டிக்க 2017 சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் போவார்கள்.

அந்த இடைவெளியில் மறுப்பை வை. கோயில் பெரியவர்கள் வருகிறார்கள். "பையன் பேரு கெட்டுடும், பேசி முடிச்சுக்கலாம்." பத்திரிகையில் பிள்ளையின் பேரும் படமும் போடச் சட்டம் தடுக்கிறது. இங்கே யாருக்குப் பத்திரிகை வேண்டும், "ஜாகா மகன்" என்றால் போதும். அம்மா அழுகிறாள். சரவணன் "நான் பொய் சொன்னேன்" என்கிறான். பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்: வழக்கை நடத்துவதா விடுவதா என்பதைக் குடும்பம் தீர்மானிப்பதில்லை, அரசாங்க வக்கீல் தரப்புதான் தீர்மானிக்கும். மறுத்த பிறகும் தினேஷ் வந்து படியில் உட்கார்கிறான். எதுவும் கேட்கவில்லை. இவன் வளர்ந்துவிட்டான் என்று எனக்கு அங்கே தெரிய வேண்டும்.

ஒரே ஒரு சங்கடம். உருமி மேளம் என்றாலே கேங் என்று பேசுகிற ஊர் இது. உன் நாவல் அதற்கு இன்னொரு சாட்சியாகிவிடக் கூடாது. குழுவிலேயே ஒருவன் சரவணனை நம்பட்டும். பம்பை வாசிக்கும் அந்தக் குண்டுப் பையன் சரியான ஆள், அவனுக்கு நீ இதுவரை ஒரு வசனமும் கொடுக்கவில்லை.

அச்சுக்குப் போகும்போது முன்பக்கத்தில் கதை எதைப் பற்றியது என்று இரண்டு வரி, கடைசிப் பக்கத்தில் உதவித் தொலைபேசி தாலியான் காசே 15999, 24 மணி நேரமும் என்று பெரிய எழுத்தில். அட்டைக்கு உள்பக்கம் வேண்டாம், அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பதை வீட்டில் யாரும் பார்த்துவிடுவார்கள். கதையின் கடைசித் தாளுக்குப் பின்னாலேயே வரட்டும், படிப்பது போலவே பார்த்துக்கொள்ளலாம்.

பிரதியை போஸ் லாஜூ விரைவுத் தபாலில் போட்டுவிட்டேன், வியாழக்கிழமைக்குள் ஜொகூருக்கு வந்துவிடும். மடித்து வைத்திருக்கிற பக்கத்தை முதலில் பார், சிங்கியை எடுக்கிற இடத்துக்கு ஓரத்தில் நாலு வரி எழுதிப் பார்த்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் அழித்துவிடு, பென்சில்தான்.

அம்மா